நாக்கில் சின்ன கட்டி வந்தாலே கேன்சரா? மைக்ரோஸ்கோப்பையே ஏமாற்றும் அரிய கட்டிகள்... கண்டுபிடிப்பது எப்படி, சிகிச்சை என்ன?

பல் துலக்கும்போது நாக்கின் ஓரத்தில் ஏதோ தட்டுப்படுகிறது. கண்ணாடி முன் நின்று செல்போன் டார்ச் அடித்துப் பார்த்தால், உள்ளே பட்டாணி ஒன்றைப் புதைத்து வைத்ததுபோல ஒரு தடிப்பு. வலி இல்லை, ரத்தம் இல்லை, சாப்பிடவும் சிரமம் இல்லை. ஆனால் கூகுளில் 'நாக்கில் கட்டி' என்று தேடினால் முதலில் வந்து நிற்பது புற்றுநோய்தான். அன்றைக்கு ராத்திரி தூக்கம் போச்சு.

இந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. உலகில் வாய்ப் புற்றுநோயால் அதிகம் பாதிக்கப்படும் நாடுகளில் இந்தியா முன்வரிசையில் நிற்கிறது. புகையிலை, குட்கா மட்டுமல்ல, வெறும் பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே அறிவித்துவிட்டது. வாயில் ஒரு மாற்றம் தெரிந்தால் உடனே பார்க்கச் சொல்வது அதனால்தான்.

ஆனா, நாக்கில் வரும் கட்டி எல்லாமே புற்றுநோய் கிடையாது. உயிருக்கு ஆபத்தில்லாத, பரவாத சாதாரணக் கட்டிகளும் நாக்கில் வரும். அவற்றில் சில ரொம்பவே அரிதானவை. அரிதாக இருப்பதாலேயே இவற்றில் ஒரு சிக்கல் இருக்கிறது. புற்றுநோயை சாதாரணப் புண் என்று நினைத்து விட்டுவிடும் தவறைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். சாதாரணக் கட்டியைப் புற்றுநோய் என்று நினைத்து நாக்கில் பெரிய அறுவை சிகிச்சை செய்துவிடும் ஆபத்தும் உண்டு. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

முதல்ல, அது கட்டிதானா?

டாக்டரிடம் பதறிக்கொண்டு வருபவர்களில் சிலர் காட்டுவது கட்டியே இல்லை, நாக்கோடு பிறந்த உறுப்புகள்தான். நாக்கை நன்றாக வெளியே இழுத்துப் பார்த்தால், பின்பகுதியில் தலைகீழ் 'வி' வடிவத்தில் 8 முதல் 12 மொட்டுகள் வரிசையாகத் தெரியும். சுவை மொட்டுகள் தங்கியிருக்கும் இடம் அது. எல்லோருக்கும் இருக்கிறது, யாரும் பார்ப்பதில்லை, அவ்வளவுதான். நாக்கின் பக்கவாட்டில் கடைசியில் இருக்கும் மடிப்புகளும் சளி, தொண்டை வலி வந்தால் சிவந்து வீங்கும். அதைப் பார்த்துப் பயந்துபோகிறவர்கள் அதிகம். பொதுவாக இரண்டு பக்கமும் ஒரேபோல இருந்தால் இயற்கையான அமைப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒரு பக்கம் மட்டும் என்றால் காட்டிவிடுவது நல்லது.

அடுத்து, அடிக்கடி பார்க்கக் கூடியவை. கூரான பல்லில் உரசி உரசி, அல்லது நாக்கைக் கடித்துக் கடித்து வரும் தழும்புக் கட்டிக்கு ஃபைப்ரோமா என்று பெயர். நாக்கின் அடிப்பக்கத்தில் எச்சில் தேங்கி நீர்க்கொப்புளம்போல வருவது மியூக்கோசீல். காலிஃப்ளவர் போல சின்னதாகத் துருத்தி நிற்பது பாப்பிலோமா. இவற்றைப் பார்த்த உடனேயே அனுபவமுள்ள டாக்டருக்கு ஓரளவு யூகம் வந்துவிடும். கூரான பல்லைத் தேய்த்து மழுக்காமல் ஃபைப்ரோமாவை மட்டும் எடுத்தால் அது திரும்ப வரும் என்பதைத் தவிர இதில் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை.

அரிய கட்டிகள் என்றால் என்ன?

நாக்கை நாம் ஒரு தசைத்துண்டு என்று நினைக்கிறோம். உண்மையில் அதற்குள் நரம்பு, ரத்தக் குழாய், நிணநீர்க் குழாய், கொழுப்பு, எச்சில் சுரப்பி எல்லாமே பின்னிப்பிணைந்து கிடக்கின்றன. இதில் எது வேண்டுமானாலும் கட்டியாக வளரலாம்.

கொழுப்பிலிருந்து வருவது லைப்போமா. முதுகிலும் கையிலும் வரும் அதே கொழுப்புக் கட்டிதான், நாக்கில் வந்தால் மட்டும் அபூர்வம். தொட்டால் மெத்தென்று இருக்கும், மேல்தோல் வழியாக லேசான மஞ்சள் தெரியும். எடுத்த துண்டைப் பரிசோதனைக்கு அனுப்ப ஃபார்மலின் பாட்டிலில் போட்டால், மற்ற கட்டிகள் அடியில் போய்விடும், இது மட்டும் மிதக்கும். லேப் ரிப்போர்ட் வருவதற்கு முன்பே டாக்டர் யூகித்துவிடுவார்.

நரம்பைச் சுற்றியுள்ள உறையிலிருந்து வருவது ஷ்வானோமா. வாய்க்குள் இது வருமானால் அதிகம் வருவது நாக்கில்தான். தனக்கென்று ஒரு உறை போர்த்திக்கொண்டு வளர்வதால், வேர்க்கடலையை உடைத்துப் பருப்பை எடுப்பதுபோல முழுசாக எடுத்துவிடலாம். திரும்ப வருவது அரிது.

குழந்தைகளுக்கு வருவது நிணநீர்க் குழாய்க் கட்டி. நாக்கின் முன்பகுதியில் வெந்த ஜவ்வரிசியைக் கொட்டி வைத்ததுபோல சின்னச் சின்னக் கொப்புளங்களாகத் தெரியும். பெரும்பாலும் 2 வயதுக்குள் தெரிந்துவிடும். சளி பிடித்தால் திடீரென்று வீங்கி, நாக்கு வாய்க்குள் அடங்காமல் வெளியே நிற்கவும் கூடும்.

1995-ல்தான் முதன்முதலாக விவரித்துப் பெயர் வைக்கப்பட்ட ஒரு கட்டியும் உண்டு. எக்டோமெசன்கைமல் காண்ட்ரோமிக்ஸாய்டு டியூமர். நாக்கில் வரும் கட்டிக்கு நாக்கு சுளுக்கும் ஒரு பெயர். இதுவும் ஆபத்தில்லாதது, முழுசாக எடுத்தால் சரியாகிவிடும்.

ஆச்சரியம் என்னவென்றால், பெரும்பகுதி தசையால் ஆன நாக்கில், தசையிலிருந்து வரும் சாதாரணக் கட்டிகள் மிக மிக அரிது. ஒரு காலத்தில் டாக்டர்கள் அப்படி நினைக்கவில்லை. அந்தக் குழப்பத்தின் நடுவில் நிற்பதுதான் இந்தக் கட்டுரையின் முக்கியமான கட்டி.

லெனின் உடலைப் பரிசோதித்தவர் கண்ட கட்டி

அலெக்சி இவானோவிச் அப்ரிகோசாவ், மாஸ்கோவைச் சேர்ந்த நோயியல் நிபுணர். 1924-ல் லெனின் இறந்தபோது உடற்கூறாய்வு செய்தவர் இவர்தான். 2003-ல் இயற்பியலுக்கான நோபல் பரிசு வாங்கிய அலெக்சி அப்ரிகோசாவ் இவருடைய மகன். அந்த அப்பா, 1926-ல் ஒரு புதுமாதிரிக் கட்டியை விவரித்து எழுதினார். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், செல்களுக்குள் ரவையைத் தூவிவிட்டதுபோல சின்னச் சின்னப் பருக்கைகள் நிறைந்திருந்தன. அது தசையிலிருந்து வந்தது என்று அவர் நினைத்து, அப்படியே பெயரும் வைத்தார்.

அது தவறு என்று தெரிய பல ஆண்டுகள் ஆனது. 1962-ல் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் ஆதாரத்தோடு வந்த ஒரு ஆய்வு, இந்தச் செல்கள் தசையைச் சேர்ந்தவை அல்ல, நரம்பைப் போர்த்தியிருக்கும் ஷ்வான் செல்களைச் சேர்ந்தவை என்று சொன்னது. செல்லுக்குள் குப்பையைச் செரித்து ஒழிக்க வேண்டிய சின்னப் பைகள், வேலை முடிக்காமல் குவிந்து கிடப்பதுதான் அந்தப் பருக்கைகள். ஏன் குவிகின்றன? அந்தப் பைகளுக்குள் அமிலத்தன்மையைக் காக்கும் பம்போடு தொடர்புடைய இரண்டு மரபணுக்களில் கோளாறு இருப்பது 2018-ல்தான் தெரியவந்தது. கட்டி விவரிக்கப்பட்டு 92 ஆண்டுகள் கழித்து!

இப்போது இதன் பெயர் கிரானுலர் செல் டியூமர். பழைய ஆட்கள் அப்ரிகோசாவ் கட்டி என்றும் சொல்வார்கள். உடம்பில் தோல், மார்பகம், உணவுக்குழாய் என்று எங்கும் வரலாம். ஆனால் வாய்க்குள் இதற்குப் பிடித்த இடம் நாக்குதான். 30 முதல் 60 வயதுக்குள் அதிகம் வரும். ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு அதிகம். பெரும்பாலும் 2 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். மெதுவாக வளரும், வலிக்காது, புண் ஆகாது. தொட்டால் கெட்டியாக இருக்கும். மேலே தோல் கொஞ்சம் வெளிறியோ மஞ்சளாகவோ தெரியலாம். மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் இருக்கிற இடமே தெரியாமல் இருக்கும். பல் டாக்டர் வேறு எதற்கோ வாயைத் திறக்கச் சொன்னபோதுதான் பலருக்கு இது தெரியவரும்.

மைக்ரோஸ்கோப் எங்கே ஏமாறுகிறது?

இங்கேதான் கவனிக்க வேண்டிய விஷயம். கட்டி இருப்பது மேல்தோலுக்குக் கீழே. ஆனால் அது கீழே இருப்பதாலேயே, மேல்தோல் வினோதமாக நடந்துகொள்ளும். தடித்து, ஆலமரம் விழுது விடுவதுபோலக் கீழ்நோக்கி நீட்டி நீட்டி இறங்கும். இது புற்றுநோய் இல்லை. ஆனால் நாக்கில் அதிகம் வரும் ஸ்குவாமஸ் செல் கார்சினோமா என்ற புற்றுநோயும் மேல்தோலிலிருந்து இப்படித்தான் கீழே இறங்கும். பார்க்க ரெண்டும் ஒன்றுபோலவே இருக்கும். எல்லா கிரானுலர் செல் கட்டியிலும் இப்படி நடப்பதில்லை, ஆனால் கணிசமானவற்றில் நடக்கும்.

இப்போது யோசித்துப் பாருங்கள். பயாப்ஸி செய்பவர், ரத்தம் வருமே என்று பயந்து மேலோட்டமாக ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மட்டும் கிள்ளி அனுப்புகிறார். அந்தத் துண்டில் மேல்தோல் மட்டும்தான் இருக்கிறது. அடியில் இருக்கும் ரவைச் செல்கள் துண்டில் வரவே இல்லை. அதைப் பார்க்கும் நோயியல் நிபுணர் முன்னால் இருப்பது, விழுது விட்ட மேல்தோல் மட்டுமே. புற்றுநோய் என்று ரிப்போர்ட் எழுதிவிடும் வாய்ப்பு அங்கே இருக்கிறது. இந்தத் தவறை மருத்துவப் பாடப்புத்தகங்களே எச்சரிக்கையாகச் சொல்லித்தருகின்றன.

அந்த ஒரு வரி ரிப்போர்ட்டின் விலை என்ன? நாக்குப் புற்றுநோய் என்றால், கட்டியைச் சுற்றி ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நல்ல திசுவையும் சேர்த்து வெட்டி எடுப்பார்கள். கழுத்திலுள்ள நிணநீர்க் கணுக்களையும் எடுக்க வேண்டிவரலாம். தேவைப்பட்டால் கதிர்வீச்சு. புற்றுநோய்க்கு இதெல்லாம் உயிர் காக்கும் சிகிச்சை, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் சாதாரணக் கட்டிக்கு இது தேவையில்லாத இழப்பு. நாக்கு நுனி போனால் என்ன போகும் என்பது தமிழ் பேசுகிறவர்களுக்கு நன்றாகவே புரியும். ர, ழ பிறக்க நுனிநாக்கு மேல்நோக்கி வளைய வேண்டும் என்று தொல்காப்பியத்தின் பிறப்பியலே விளக்குகிறது. 'வாழைப்பழம்' சொல்ல முடியாமல் போவது சின்ன விஷயம் இல்லை. சாப்பாட்டை வாய்க்குள் புரட்டுவது, விழுங்குவது எல்லாமே அதோடு சேர்ந்ததுதான்.

அதே நேரம், இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். கிரானுலர் செல் கட்டியும் உண்மையான புற்றுநோயும் ஒரே இடத்தில் சேர்ந்தே இருந்த நோயாளிகளும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறார்கள். அதனால் 'இது சாதாரணக் கட்டிதான், புற்றுநோய் ரிப்போர்ட் தப்பாகத்தான் இருக்கும்' என்று நாமே முடிவு கட்டிக்கொண்டு சிகிச்சையைத் தள்ளிப்போடுவது இன்னும் பெரிய ஆபத்து. சந்தேகம் இருந்தால் வழி ஒன்றுதான்: ஆழமாக, சரியாக எடுத்த துண்டு, இரண்டாவது நிபுணரின் பார்வை.

சரியாகக் கண்டுபிடிப்பது எப்படி?

டாக்டர் முதலில் செய்வது, கையுறை போட்டுக்கொண்டு கட்டியைத் தொட்டு, அழுத்திப் பார்ப்பதுதான். மெத்தென்று இருக்கிறதா, கல்போல இருக்கிறதா? அழுத்தினால் வெளுத்து, விட்டால் மறுபடி நிறம் திரும்புகிறதா? நாக்கை நீட்டினால் ஒரு பக்கமாக இழுக்கிறதா? கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா? எத்தனை மாதமாக இருக்கிறது, வேகமாக வளர்ந்ததா? இந்தக் கேள்விகளுக்கான பதிலே பாதி வழியைக் காட்டிவிடும்.

ஆழமாகவோ பெரிதாகவோ இருந்தால் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள். தசை, கொழுப்பு, ரத்தக் குழாய் மூன்றையும் அது பிரித்துக் காட்டும். சில இடங்களில் அல்ட்ராசவுண்டே போதும். நுனியில் இருக்கும் பட்டாணி அளவுக் கட்டிக்கு எம்.ஆர்.ஐ. எழுதிக் கொடுத்தால், 'இது எதற்கு டாக்டர்?' என்று கேட்பதில் தப்பே இல்லை.

கடைசித் தீர்ப்பு சொல்வது பயாப்ஸிதான். சின்னக் கட்டி என்றால், ஒரேயடியாக முழுசாக எடுத்து அதையே பரிசோதனைக்கு அனுப்பிவிடுவார்கள். பெரியது என்றால் ஒரு துண்டு. அந்தத் துண்டு மேல்தோலைத் தாண்டி அடித்திசு வரை போயிருக்க வேண்டும் என்பதுதான் மேலே பார்த்த கதையின் பாடம்.

அந்தத் துண்டில் செய்யப்படும் சோதனைகளில் ஒரு பெயர் ரிப்போர்ட்டில் அடிக்கடி வரும்: எஸ்-100. நரம்பு உறைச் செல்களில் இருக்கும் ஒரு புரதம் அது. ரவைச் செல்கள் எஸ்-100 சாயத்தை ஏற்றுக்கொண்டால், அவை ஷ்வான் செல் குடும்பம் என்று உறுதியாகும். சாதாரண சாயத்திலேயே ரவைச் செல்கள் தெளிவாகத் தெரிந்தால் எல்லோருக்கும் இந்தச் சோதனை தேவைப்படாது. குழப்பம் இருந்தால் அவசியம்.

கிரானுலர் செல் கட்டியிலேயே புற்றுநோய் வகையும் உண்டு. அது 100-ல் ஒன்றிரண்டு பேருக்குத்தான். செல்கள் செத்துப் போயிருப்பது, வேகமாகப் பிரிவது, செல்லின் கரு பெரிதாகி உருமாறியிருப்பது போன்ற 6 அடையாளங்களை 1998-ல் வகுத்தார்கள். மூன்றோ அதற்கு மேலோ இருந்தால் புற்றுநோய் வகை. ஒன்றுகூட இல்லை என்று ரிப்போர்ட் சொன்னால் நிம்மதியாக இருக்கலாம்.

'கத்தி பட்டா பரவிடும்' என்பது உண்மையா?

பயாப்ஸி என்றதும் வீட்டில் யாராவது ஒருவர் இதைச் சொல்லாமல் இருக்க மாட்டார்கள். அதற்குப் பயந்தே பலர் ஆறு மாதம், ஒரு வருடம் தள்ளிப்போடுகிறார்கள். நாக்குக் கட்டிக்கு பயாப்ஸிதான் உலகம் முழுக்க உள்ள நடைமுறை. சாதாரணக் கட்டி கத்தி பட்டதால் புற்றுநோயாக மாறிவிடாது. புற்றுநோயாகவே இருந்தாலும், பரவுவதற்குக் காரணம் தள்ளிப்போட்ட அந்த மாதங்கள்தான்.

வாய்ப்புண்ணுக்கு மணத்தக்காளிக் கீரை சாப்பிடுவதில் கெடுதல் இல்லை. ஆனால் கட்டி கீரைக்குக் கரையாது. மருவுக்கு முடி கட்டுவதுபோல நாக்குக் கட்டிக்கு நூல் கட்டுவது, சுண்ணாம்பு வைப்பது எல்லாம் புண்ணாக்கி, ரத்தம் வரவைத்து, கடைசியில் டாக்டருக்கும் அடையாளம் தெரியாமல் செய்துவிடும்.

பயாப்ஸியே செய்யக் கூடாத கட்டிகள்

முந்தைய பகுதிக்கு நேர்மாறாக இருக்கிறதே என்று தோன்றலாம். ஆனா இதுவும் உண்மை. நாக்கில் எல்லாவற்றையும் கிள்ளிப் பார்க்கக் கூடாது.

ஒன்று, ரத்தக் குழாய்க் கட்டி. நீலமோ ஊதாவோ நிறம், அழுத்தினால் வெளுக்கும், தலையைக் குனிந்தால் பெரிதாகும். இதில் கத்தி வைத்தால் ரத்தம் நிற்காது. டாக்டர் ஒரு கண்ணாடித் தகட்டால் அழுத்திப் பார்த்தே யூகித்து, ஸ்கேனில் உறுதி செய்துகொள்வார். சிகிச்சையும் வேறு. கைக்குழந்தைகளுக்கு வரும் ஒரு வகை, ரத்த அழுத்தத்துக்கும் இதய நோய்க்கும் தரும் புரோப்ரனலால் மருந்துக்கே சுருங்கிவிடும். இதய மருந்தாகக் கொடுக்கப்போய், கட்டி சுருங்குவதை பிரான்ஸின் போர்தோ நகர மருத்துவர்கள் தற்செயலாகக் கவனித்து 2008-ல் வெளியிட்டார்கள். பெரியவர்களுக்கு இருக்கும் சிரை முடிச்சு வகைக்கு இந்த மாத்திரை பலிக்காது. குழாயைச் சுருக்கும் மருந்தை ஊசி மூலம் உள்ளே செலுத்துவார்கள். சிலருக்கு அறுவை சிகிச்சை.

இரண்டாவது, நாக்கின் அடிவாரத்தில், சரியாக நடுக்கோட்டில் வரும் உருண்டை. இதைக் கட்டி என்று சொல்வதே தப்பு. இது தைராய்டு சுரப்பி!

கருவில் தைராய்டு உருவாவது கழுத்தில் இல்லை, நாக்கின் அடியில். அங்கிருந்து மெல்லக் கீழே இறங்கிக் கழுத்துக்கு வரும். ஏறக்குறைய லட்சத்தில் ஒருவருக்கு அது இறங்காமல் நாக்கிலேயே தங்கிவிடுகிறது. பல வருடம் தெரியாமல் இருந்துவிட்டு, பெண்கள் வயதுக்கு வரும்போதோ கர்ப்பமாக இருக்கும்போதோ வீங்கும். உடம்புக்கு அந்தக் காலத்தில் தைராய்டு ஹார்மோன் கூடுதலாகத் தேவைப்படுவதுதான் காரணம். தொண்டையில் ஏதோ சிக்கியதுபோல இருக்கும், குரல் மாறும், குறட்டை வரும்.

அவசரப்பட்டு இதை வெட்டினால் என்ன ஆகும்? இவர்களில் 10 பேரில் ஏறக்குறைய 7 பேருக்கு உடம்பில் இருக்கும் ஒரே தைராய்டு அதுதான். எடுத்துவிட்டால் ஆயுசுக்கும் தைராக்ஸின் மாத்திரை. நடந்தது தெரியாமல் மாத்திரையும் தராமல் விட்டால், குழந்தைகளுக்கு வளர்ச்சியும் அறிவுத்திறனுமே பாதிக்கப்படும். அதனால் நாக்கின் அடிவாரத்தில் நடுவில் ஒரு உருண்டை என்றால், கத்திக்கு முன்னால் கழுத்தில் அல்ட்ராசவுண்ட். தைராய்டு தன் இடத்தில் இருக்கிறதா என்று அது சொல்லிவிடும். கூடவே டி.எஸ்.ஹெச். ரத்தப் பரிசோதனை, தேவைப்பட்டால் டெக்னீஷியம் ஸ்கேன். பலருக்குத் தைராக்ஸின் மாத்திரையிலேயே வீக்கம் குறைந்துவிடும். மூச்சு, விழுங்குதல் அடைபட்டால், ரத்தம் கசிந்தால் மட்டும்தான் அறுவை சிகிச்சை.

கட்டியை எடுப்பது எப்படி?

கிரானுலர் செல் கட்டிக்கு மருந்து கிடையாது, எடுப்பதுதான் சிகிச்சை. ஷ்வானோமாவைப் போல இதற்கு உறை இல்லை. பக்கத்துத் தசைக்குள் விரல் விட்டு நிற்கும். அதனால் சுற்றிலும் கொஞ்சம் நல்ல திசுவோடு சேர்த்து எடுக்க வேண்டும். கொஞ்சம் என்றால் கொஞ்சம்தான், புற்றுநோய்க்கு எடுப்பதுபோல அல்ல.

சின்னதாக இருந்தால், மரத்துப்போகும் ஊசி போட்டு அன்றைக்கே எடுத்துத் தையல் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். தானாகக் கரையும் நூல்தான் பெரும்பாலும். நாக்கில் ரத்த ஓட்டம் தாராளம் என்பதால் காயமும் சீக்கிரம் ஆறும். பெரியது, நாக்கின் பின்பகுதியில் இருப்பது, குழந்தைகள் என்றால் முழு மயக்கம் தேவைப்படும். சில மருத்துவமனைகளில் லேசர் பயன்படுத்துகிறார்கள். ரத்தம் குறைவு என்பது அதன் வசதி. ஆனால் ஓரம் கருகிவிட்டால், கட்டி முழுசாக வந்ததா என்று மைக்ரோஸ்கோப்பில் சொல்வது கஷ்டம்.

ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போன்ற ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். தாங்களாக நிறுத்தக் கூடாது. இதய டாக்டரைக் கேட்டுத்தான் முடிவெடுப்பார்கள்.

முதல் சில நாட்கள் ஆறிய கஞ்சி, மோர் சாதம், இளநீர், ஐஸ்கிரீம். சூடும் காரமும் வேண்டாம். ரசம் சாதத்துக்கு ஏங்குகிறவர்கள் ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். வீக்கத்தில் பேச்சு கொஞ்ச நாள் குழறும், சின்னக் கட்டி என்றால் அது சரியாகிவிடும். மூச்சு விட முடியாத வீக்கம், நிற்காத ரத்தம், காய்ச்சல் என்றால் உடனே மருத்துவமனை.

எங்கே போவது? வாயில் ஒரு கட்டியோ புண்ணோ இரண்டு மூன்று வாரத்தில் ஆறவில்லை என்றால் பல் டாக்டரோ காது மூக்கு தொண்டை டாக்டரோ பார்க்கலாம். அரசு பல் மருத்துவக் கல்லூரிகளிலும், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் காது மூக்கு தொண்டைப் பிரிவிலும் இதற்கான வசதி உண்டு. ஆறாத புண், தானாக ரத்தம் வருவது, கட்டி வேகமாக வளர்வது, நாக்கு மரத்துப்போவது, கழுத்தில் நெறி கட்டுவது, இவற்றில் எது இருந்தாலும் இரண்டு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

எடுத்த பிறகு மறக்கக் கூடாதது ரிப்போர்ட்

'சாதாரணக் கட்டிதான், எடுத்தாச்சு, டெஸ்ட் எல்லாம் எதுக்கு' என்று சில இடங்களில் சொல்வார்கள். நோயாளிகளும் செலவு மிச்சம் என்று தலையாட்டிவிடுவார்கள். எவ்வளவு சின்னதாக இருந்தாலும் எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

ரிப்போர்ட்டில் இரண்டு விஷயத்தைப் பார்க்க வேண்டும். கட்டியின் பெயர் ஒன்று. வெட்டிய ஓரத்தில் கட்டி மிச்சம் இருக்கிறதா என்பது இன்னொன்று. ஓரம் சுத்தமாக இருந்தால் திரும்ப வரும் வாய்ப்பு குறைவு. மிச்சம் இருந்தால் வாய்ப்பு கூடும், ஆனால் எல்லோருக்கும் வந்துவிடாது. சிலருக்கு மறு அறுவை சிகிச்சை செய்யாமல் கண்காணித்தே வருகிறார்கள். இந்தக் கட்டி ஒரே நபருக்கு வேறு இடங்களிலும் வரலாம் என்பதால், தோலிலோ மார்பிலோ புதிதாக முடிச்சு தெரிந்தால் பழைய ரிப்போர்ட்டையும் கையில் எடுத்துக்கொண்டு போவது நல்லது.

ரிப்போர்ட் 'புற்றுநோய்' என்று வந்து, கட்டியோ ரொம்ப நாளாக வளராமல், புண்ணாகாமல், வலிக்காமல் இருந்தது என்றால், சிகிச்சை தொடங்கும் முன் 'துண்டு ஆழமாக எடுத்ததா, அடித்திசு தெரிந்ததா?' என்று டாக்டரிடம் கேட்கலாம். பயாப்ஸி எடுத்த துண்டை லேப்பில் மெழுகுக் கட்டியாக உறையவைத்துப் பாதுகாத்து வைத்திருப்பார்கள். அதற்கு பிளாக் என்று பெயர். அதையும் கண்ணாடி ஸ்லைடையும் எழுதிக் கொடுத்து வாங்கி, புற்றுநோய் மருத்துவமனையிலோ மருத்துவக் கல்லூரியிலோ இருக்கும் இன்னொரு நோயியல் நிபுணரிடம் காட்டலாம். புதிதாக பயாப்ஸி செய்யாமலேயே அந்த பிளாக்கிலிருந்து எஸ்-100 சோதனையும் செய்துகொள்ள முடியும். துண்டே மேலோட்டமாக எடுத்தது என்றால் மட்டும் இன்னொரு முறை எடுக்க வேண்டிவரும். இதற்கு ஆகும் சில நாட்கள் சிகிச்சையைப் பாதிக்காது, ஆனால் அந்த நாட்களையும் டாக்டரிடம் சொல்லி, தேதி குறித்துக்கொண்டே எடுத்துக்கொள்ள வேண்டும்.